ஹாம்பிள்டனா, செவன் சிஸ்டர்ஸா? சுண்ணாம்புக் குன்றுகளில் ஒருநாள் சுற்றுநடை

காலையில் லண்டனிலிருந்து கிளம்பி, கிராமங்கள் வழியே குன்றேறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். இப்படி ஒரு நடை கேட்டால் மூன்று பெயர்கள் அடிபடும்: சில்டர்ன்ஸ் குன்றுகளில் ஹாம்பிள்டன் பள்ளத்தாக்கு, சசெக்ஸ் கடலோரத்தில் செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைப் பாறைச் செங்குத்துகள், சர்ரேயில் பாக்ஸ் ஹில்.

மூன்றாவதை இப்போதே ஒதுக்கிவிடுகிறேன். பாக்ஸ் ஹில்லில் குறை ஒன்றும் பெரிதாக இல்லை. ரயிலைவிட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தாலே அடிவாரம். மோல் ஆற்றைத் தாண்ட வரிசையாகக் கற்கள் போட்டிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் எதிரிப்படைக்கு உதவிவிடக் கூடாதென்று பழைய கற்களை அகற்றிவிட்டார்கள். இப்போது நாம் மிதிப்பவை 1946-ல் பிரதமர் அட்லி திறந்துவைத்தவை. ஆனால் வழியில் கிராமம் என்று சொல்ல மிக்கிள்ஹாம் ஒன்றுதான். 2012 ஒலிம்பிக் சைக்கிள் பந்தயம் இந்த மலைச் சாலையில் நடந்ததிலிருந்து சனி ஞாயிறுகளில் சைக்கிள்காரர் கூட்டம் வேறு. அரைநாள்தான் இருக்கிறது என்பவர்களுக்குச் சரி.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். இரண்டும் சுமார் 12, 13 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கு, ஐந்து மணி நேரம். அடியில் இருப்பதும் ஒரே பாறை: டைனோசர் காலத்துக் கடலடியில், கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் படிந்து இறுகிய சீமைச்சுண்ணாம்பு. வித்தியாசம் அதன் மேலே கிடக்கும் மண்ணில். சில்டர்ன்ஸ் மேடுகளில் சுண்ணாம்புக்கு மேல் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் போர்த்தியிருக்கிறது. சசெக்ஸ் கடலோரக் குன்றுகளில் பெரும்பாலும் விரற்கடை மண், மேலே புல், அவ்வளவுதான். எங்கே சேறு, எங்கே காடு, எந்த மாதம் போகலாம் என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

ஹாம்பிள்டனில் தொடங்கி ஸ்கர்மெட், ஃபிங்கெஸ்ட், டர்வில் என்று மேலேறி, மேற்குப் பக்கக் காடு வழியாகத் திரும்புவது வழக்கமான சுற்று. ஊருக்கு ஊர் அரை மணி, முக்கால் மணி நடைதான். வீடுகளை நின்று பாருங்கள். சுவர் முழுக்க உடைத்த சிக்கிமுக்கிக் கற்கள், கறுப்புக் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். ஆனால் மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் மட்டும் சிவப்புச் செங்கல். சீமைச்சுண்ணாம்பு மழைக்கும் உறைபனிக்கும் தாங்காது, உதிர்ந்துவிடும். சிக்கிமுக்கி தாங்கும், ஆனால் அதை வைத்து நேரான மூலை எழுப்ப முடியாது. ஆகவே மேட்டுக் களிமண்ணில் சுட்ட செங்கல் மூலைக்கு வந்தது. காலில் ஒட்டும் அதே களிமண்தான்.

ஃபிங்கெஸ்ட் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். நார்மன் காலத்துக் கோபுரம், உச்சியில் இரட்டைக் கூரை. கோவிலின் உடலைவிடக் கோபுரம் அகலம். அங்கிருந்து டர்வில்லுக்குப் போகும்போது தலைக்கு மேல் குன்றின் உச்சியில் ஒரு காற்றாலை தெரியும். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் பலமுறை வந்த ஊர் என்பதால் டர்வில்லில் காமிராவோடு நாலு பேர் நிற்பார்கள். வானத்தில் வட்டமிடும், வால் பிளந்த செந்நிறப் பருந்து ரெட் கைட். இங்கிலாந்திலிருந்தே அழிக்கப்பட்ட பறவை. 1989-லிருந்து 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். இன்று நிமிர்ந்தால் தெரியாத நாளில்லை. ஹாம்பிள்டன் கல்லறைத் தோட்டத்தில் டபிள்யூ.எச். ஸ்மித் புதைக்கப்பட்டிருக்கிறார். ரயில் நிலையத்தில் நீங்கள் தண்ணீர் பாட்டில் வாங்கும் கடையின் பெயர்க்காரர். புத்தகக் கடையிலிருந்து அமைச்சர் பதவி வரை போனவர்.

செவன் சிஸ்டர்ஸில் கதை வேறு. எக்ஸீட் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, வளைந்து வளைந்து கிடக்கும் கக்மியர் ஆற்றோரமாகக் கடலை நோக்கி நடக்க வேண்டும். அந்த வளைவுகளில் இப்போது ஆறு ஓடுவதில்லை. 1846-ல் நேராக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். அப்புறம் ஹேவன் பிரௌ என்ற முதல் மேடு. ஏறியதும் பேச்சு நின்றுவிடும். வலப்பக்கம் கடல், முன்னால் வெள்ளைச் சுவர் அலை அலையாக ஏறி இறங்கிப் போகிறது. ஏறுவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. முட்டிவலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் தண்டனை.

விளிம்பில் வேலி கிடையாது. புல் நுனி வரை திடமாகத்தான் தெரியும், அடியில் சுண்ணாம்பு ஏற்கெனவே சரிந்திருக்கலாம். படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம், தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். மேடுகள் முடியும் பர்லிங் கேப்பில் கரையோர வீடுகளை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், கரை அவ்வளவு வேகமாகக் கரைகிறது. அங்கிருந்து கிழக்கே தெரியும் பெல் டூட் பழைய கலங்கரை விளக்கத்தை 1999-ல் அப்படியே அலாக்காக 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்.

பர்லிங் கேப்பிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் ஈஸ்ட் டீன். புல்வெளி, அதைச் சுற்றி வீடுகள், டைகர் இன் என்ற பப். ஈஸ்ட் டீன் தேவாலயத்திலும் அடுத்த ஊரான ஃப்ரிஸ்டனிலும் நுழைவாயிலைக் கவனியுங்கள். கதவின் நடுவே ஒரே தூண், அதில்தான் கதவு சுழலும். தள்ளினால் இரண்டு பக்கமும் வழி கிடைக்கும். சவப்பெட்டி தூக்கி வருபவர்கள் இரு பக்கமாகப் பிரிந்து போகலாம், ஆடுமாடு சுலபமாக நுழையாது. டாப்செல் கேட் என்பார்கள். சசெக்ஸைத் தாண்டி இது கிடையாது.

பிறகுதான் பிரச்சினை. ஃப்ரிஸ்டனிலிருந்து எக்ஸீட் வரை பெரும்பகுதி வனத்துறை நட்ட காடு. பாதைகள் ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் வெஸ்ட்டீன் என்ற குட்டிக் கிராமம் மட்டும் ஆறுதல். முதல் பாதியில் பார்த்ததற்கு இரண்டாம் பாதி ஈடு கொடுப்பதில்லை. சுற்றுநடையாக இதைவிட ஹாம்பிள்டன்தான் மேல் என்பேன். அங்கே கடைசி அரை மணியிலும் பார்க்க ஏதாவது இருக்கும். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வரப்போகிறேன் என்பவரை, உதாரணமாக ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த அம்மா அப்பாவை, முட்டி ஒத்துழைத்தால் செவன் சிஸ்டர்ஸுக்குத்தான் கூட்டிப் போவேன். முடியாதென்றால் எக்ஸீட்டிலிருந்து கடற்கரை வரை மட்டும் போய்வரலாம், முழுக்கச் சமதளம்.

ஒன்று முக்கியம். கோயிலில் வலம் வருவதுபோல் இங்கே வராதீர்கள், இடம் வாருங்கள். இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். எக்ஸீட்டிலிருந்து கிழக்கே போனால் அது முதுகைத் தள்ளும். திரும்பும்போது காடு மறைத்துவிடும். மாற்றிப் போனால் மேட்டுக்கு மேடு முகத்தில் அறை வாங்க வேண்டியதுதான்.

பருவம் பார்த்தால் நவம்பர் முதல் மார்ச் வரை சசெக்ஸ். புல்தரையில் மழைநீர் நிற்காமல் சுண்ணாம்புக்குள் இறங்கிவிடும். வெறும் சுண்ணாம்பு தெரியும் சரிவில் மட்டும் ஜாக்கிரதை, நனைந்தால் சோப்புத் துண்டு. அதே மாதங்களில் சில்டர்ன்ஸ் காட்டுப் பாதைகள் கணுக்கால் அளவு சேறு. ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் அங்கே போனால், பீச் (beech) மரங்கள் தழைக்கும் முன் கிடைக்கும் வெளிச்சத்தில் காட்டுத் தரை முழுக்கப் புளூபெல் என்ற நீலப்பூ பூத்திருக்கும். அக்டோபர் கடைசியில் அதே மரங்கள் செம்பு நிறம். இந்த இரண்டு சமயங்களிலும் செவன் சிஸ்டர்ஸ் பக்கம் திரும்பவே வேண்டாம்.

கார் இல்லாதவர்களுக்குப் பதில் சுலபம்: சசெக்ஸ். பிரைட்டன் அல்லது சீஃபோர்டு வரை ரயில், அங்கிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12-ஆம் எண் பஸ் எக்ஸீட்டிலும் ஈஸ்ட் டீனிலும் நிற்கும். கால் ஓய்ந்துபோனால் ஈஸ்ட் டீனிலேயே பஸ் ஏறிவிடலாம். அந்தக் காட்டுப் பகுதியைக் கழித்துக்கட்ட இது நல்ல சாக்கு. ஹாம்பிள்டனுக்கு ரயில் கிடையாது. ஹென்லி ஸ்டேஷனிலிருந்து தேம்ஸ் கரையோரமாக நடந்து, ஹாம்பிள்டன் மதகின் மேல் உள்ள நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து வரலாம். அழகான வழி, ஆனால் டர்வில் வரை போய்த் திரும்பினால் மொத்தம் 20 கிலோமீட்டரைத் தாண்டும்.

வழி கண்டுபிடிப்பதில் கடலோரத்தில் சிரமமே இல்லை, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டால் போதும். சில்டர்ன்ஸில் மஞ்சள் அம்புக்குறி நடைபாதைக்கு, நீலம் குதிரைக்கும் சேர்த்து. காட்டுக்குள் மரத்தண்டுகளில் சில்டர்ன் சொசைட்டியின் தன்னார்வலர்கள் வெள்ளை அம்பு வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆர்டினன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரைபடம் வாங்குவதானால் ஹாம்பிள்டனுக்கு 171, செவன் சிஸ்டர்ஸுக்கு ஓ.எல். 25. பள்ளத்தாக்கில் போன் சிக்னலை நம்பாதீர்கள். பப் சமையலறைகள் மதியம் இரண்டரைக்கெல்லாம் மூடிவிடக்கூடும். கையில் புளியோதரைப் பொட்டலம் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.