நிலாப் பாண்டிக் கல்: ஆர்டர் கொடுக்கும் முன் படிங்க

முற்றத்தில் பிள்ளைகள் பாண்டி ஆட, ஆத்தங்குடி டைல்ஸில் எட்டு நிலாக் கல் வரைந்து காரைக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தோம். அமாவாசை, வளர்பிறை மூன்று, பௌர்ணமி, தேய்பிறை மூன்று. முக்கால் பணம் முன்பணமாகப் போனது. வந்த பிறைக் கல் ஆறிலும் நிலாவின் முயல் இடவலம் மாறியிருந்தது. கேட்டால், "திருப்பிப் போட்டுக்குங்க, சரியாப் போயிடும்" என்றார்கள்.

போகாது. வெறும் பிறை என்றால் அவர்கள் சொன்னது நியாயம்தான். கல்லை 180 டிகிரி திருப்பினால் தேய்பிறை வளர்பிறையாகிவிடும். ஆனால் நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. வெளிச்சம் நகரும், கறை நகராது. கல்லைத் திருப்பினால் முயல் தலைகீழாகிவிடும்.

இந்தக் கல்லை முகம் கீழே இருக்கும்படி வார்ப்பார்கள். கண்ணாடிமேல் சட்டம், உள்ளே தகர அச்சு, அச்சின் அறைகளில் வண்ணக் கலவை. அச்சைத் தூக்கியபின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவை. ஆகவே மேலிருந்து பார்க்கிற அச்சு, கல்லில் இடவலம் மாறித்தான் விழும். பூவும் நட்சத்திரமும் இருபக்கமும் ஒன்றுபோல இருப்பதால் வழக்கமான டிசைனில் யாருக்கும் தெரியாது. வரைபடத்தைப் புரட்டி அச்சு வெட்டும்படி எழுதிக் கொடுத்திருந்தும் புரட்டவில்லை.

பிறையின் வடிவமும் தப்பு. இரண்டு வட்டத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெட்டியிருக்கிறார்கள். கொம்புகள் இரண்டும் விட்டத்தின் இரு முனைகளில் நிற்க வேண்டும், உள்வளைவு அரை நீள்வட்டம். மூன்றாம் பிறையில் ஒளி சுமார் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 மி.மீ. வட்டத்தில் நடுவில் 15 மி.மீ. வந்ததோ வாழைப்பழம் மாதிரி 40 மி.மீ.! கொம்பு நுனி மழுங்கியதைக் குறை சொல்ல மாட்டோம். அவ்வளவு குறுகலில் கலவை இறங்காது.

பௌர்ணமிக் கல்லில் மட்டும் முயல் சரியாக இருந்தது. சந்தேகப்பட்டு ஓரத்தைச் சுரண்டினால், அது பிரிண்ட் போட்ட செராமிக்! வார்த்த கல்லில் வண்ணம் சில மி.மீ. ஆழம் இருக்கும்; இதில் மேல்தோல் மட்டுமே. அமாவாசைக் கல்லை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்ததும் கருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்த் தொட்டியில் சரியாக ஊறாத கல் இப்படித்தான் விடும். குறைந்தது ஏழு நாள் ஊறட்டும் என்று கேளுங்கள்.

முழு ஆர்டருக்கு முன் முயல் உள்ள ஒரே ஒரு கல்லை மாதிரிக்கு வாங்கி, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பணம் அதற்குப் பிறகு. உடைசலுக்கு ஒன்றிரண்டு கல்லை அதே கலவையில் சேர்த்தே போடச் சொல்லுங்கள். அடுத்த கலவையில் நிறம் மாறிவிடும். அச்சுக்குத் தனியாகக் காசு வாங்கினால் பில்லில் எழுத வைத்து, வேலை முடிந்ததும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். எங்கள் அச்சும் முன்பணமும் இன்னும் அங்கேதான்.