ராடா, பல்லா, ரிவர்ஸா: டிராக்குக்கு கியர் லீவர் அமைத்தல்

குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக்குக்கு பைக்கை ஓட்டிக்கொண்டே போய், அதே வண்டியில் மலையேறி வீடு திரும்புகிறவன் நான். பிக்கப்பில் ஏற்றிப் போக வசதி இல்லை. அதனால் கியர் லீவர் அமைப்பதில் எந்த வழி நல்லது என்று கேட்டால், திரும்பி வரும் மலைப்பாதையையும் சேர்த்துத்தான் பதில் சொல்வேன்.

சாதாரண ஷூவுக்குச் சரியாக இருக்கும் லீவர், ரேஸ் பூட்டுக்குப் பொருந்தாது. பூட்டின் முனை தடிப்பு; அது லீவருக்கு அடியில் முழுதாக நுழையாது. என் முதல் டிராக் நாளில் மூன்றிலிருந்து நான்குக்குத் தூக்கினேன், கால் பாதியில் நின்றுவிட்டது. எஞ்சின் வெறுமனே அலறியது. ஃபால்ஸ் நியூட்ரல், அதாவது இரண்டு கியருக்கும் நடுவில் எதிலும் சேராமல் நிற்பது. கியர்பாக்ஸ் போய்விட்டதோ என்று பயந்தேன். லீவரைக் கொஞ்சம் உயர்த்தியதும் அந்தத் தொல்லை அடியோடு நின்றது.

உயர்த்த எளிய வழி, ராடின் நீளத்தை மாற்றுவது. லீவரையும் கியர் ஷாஃப்ட்டில் மாட்டிய கையையும் இணைக்கும் ராடுக்கு இரு முனையிலும் லாக் நட்டு இருக்கும். அதில் ஒன்று இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். அது தெரியாமல் முறுக்கி நட்டின் முனையை மழுக்கியவர்கள் நிறைய. இரண்டையும் தளர்த்தி ராடை மட்டும் சுழற்றினால் நீளம் கூடும், குறையும். நீட்டினால் லீவர் ஏறுமா இறங்குமா என்பது வண்டிக்கு வண்டி வேறு. அரைச் சுற்று சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆரம்பிக்கும் முன் ராடின் மேல் வொயிட்னரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை சுற்று என்று கணக்கு இருக்கும். இறுக்கிய பிறகு ராடை விரலால் பிடித்துத் திருகினால் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இரு முனையிலும் உள்ள பால் ஜாயிண்ட் (பந்து போல் சுழலும் மூட்டு) கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். கியர் போட்டபின் லீவர் தன் இடத்துக்குத் திரும்பாது.

ஆனால் ராடுக்கு எல்லை உண்டு. 6 மி.மீ. மரை என்றால் குறைந்தது 6 மி.மீ. ஆவது உள்ளே இருக்க வேண்டும். அப்புறம் கோணம்: ராடும் ஷாஃப்ட்டின் கையும் கிட்டத்தட்ட 90 டிகிரியில் இருந்தால்தான் காலின் விசை வீணாகாமல் போய்ச்சேரும். ராடை நீட்டி நீட்டி அந்தக் கோணம் கெட்டால், கியர் கனமாகவும் தெளிவில்லாமலும் விழும்.

அங்கேதான் பல் மாற்றும் வழி. ஷாஃப்ட்டைச் சுற்றிலும் பற்கள் இருக்கும்; அதில் மாட்டிய கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டலாம். ஒரு பல் என்பது பெரிய நகர்வு. அதனால் இதை முரட்டு அளவுக்கு வைத்துக்கொண்டு, நுணுக்கத்தை ராடில் முடிக்க வேண்டும். போல்ட்டை வெறுமனே தளர்த்தி இழுக்காதீர்கள், முழுதாகக் கழற்றுங்கள். சில வண்டிகளில் அது ஷாஃப்ட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது ரிவர்ஸ் ஷிஃப்ட். இதில் முதல் கியர் போட லீவரை மேலே தூக்க வேண்டும், மற்ற கியர்களுக்கெல்லாம் கீழே மிதிக்க வேண்டும். இடது வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது லீவருக்கு அடியில் கால் நுழைக்க இடமிருக்காது; மேலிருந்து மிதிப்பது அங்கே பெரிய வரம். டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு இதற்கு இணை இல்லை என்றே சொல்வேன். ஷாஃப்ட்டின் கையைத் தலைகீழாக மாட்டினாலே சில வண்டிகளில் முடிந்துவிடும். சிலவற்றில் ஃபிரேமில் இடிக்கும், ரியர்செட் (பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட், லீவர் செட்) வாங்க வேண்டும். குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் கருவி) இருந்தால் இன்னொரு வேலை: தள்ளுவது இழுப்பதாக மாறுவதால் சென்சாரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

எனக்கு இது வேண்டாம். குன்னூர் மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. மஞ்சு இறங்கி, ஈரத் தரையில் வளைவு திரும்பும்போது எதிரே பஸ் வந்தால் யோசிக்க நேரமில்லை. கியரை இறக்க, கால் பல வருடப் பழக்கப்படி கீழேதான் மிதிக்கும். ரிவர்ஸில் அது கியரை ஏற்றிவிடும். எஞ்சினின் பிடி தளர்ந்து வண்டி முன்னால் ஓடும். டிராக்கில் அரை நொடி மிச்சம் பிடிக்க அந்த வளைவில் உயிரைப் பணயம் வைக்க மாட்டேன்.

எனவே என் வண்டியில் ஒரு பல் மேலே, மிச்சம் ராடில். டிராக்குக்கு ஒரு வொயிட்னர் கோடு, ஊருக்கு ஒன்று. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது 10 நம்பர் ஸ்பேனரால் மாற்றிவிடுகிறேன். குன்னூர் ஈரத்தில் பால் ஜாயிண்ட் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தால்தான் லாக் நட்டு கைக்கு வரும்.