பாதிக் குளியலில் பச்சைத் தண்ணீர்

எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டருக்கு இந்த மார்கழியோடு ஆறு வருடம் முடிகிறது. 15 லிட்டர், 2000 வாட், சுவரில் நெட்டுக்குத்தாக மாட்டும் சாதாரண ஸ்டோரேஜ் வகை. முதல் மூன்று வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. சுவிட்சைப் போடுவோம், இருபது நிமிடம் கழித்துக் குளிப்போம், அணைப்போம். அடுத்த மூன்று வருடம் அது படுத்திய பாட்டில்தான் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட், சூடு போதுமானதும் கரண்டை வெட்டும் தெர்மோஸ்டாட், மக்னீசியம் ராடு என்று அத்தனை பெயரும் எனக்கு மனப்பாடம் ஆனது.

இரண்டுக்கும் நடுவில் நாங்கள் வீடு மாறினோம். முன்பு இருந்தது கோவைக்குள், உப்பு அதிகம் இல்லாத சிறுவாணித் தண்ணீர் வரும் வாடகை வீடு. அந்தத் தண்ணீரைப் பற்றிக் கோவைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அரை மணி நேரம் போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன். இப்போது இருப்பது ஊருக்கு வெளியே சொந்த வீடு. சமையலுக்கு மட்டும் நல்ல தண்ணீர், குளிக்கத் துவைக்க எல்லாம் போர் தண்ணீர். கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 1100-க்குக் குறைவதில்லை. குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும், பக்கெட்டின் உள்பக்கம் தடவினால் சொரசொரவென்று இருக்கும். பழைய வீட்டு ஹீட்டரை அப்படியே கழற்றிவந்து இங்கே மாட்டினோம். ஒரே ஒரு மாற்றம்: சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பையனின் பாத்ரூமுக்கும் அதே ஹீட்டரிலிருந்து ஒரு லைன் இழுத்தோம். இந்த லைன் பின்னால் கதையில் வரும்.

முதல் புகார் அம்மாவிடமிருந்து வந்தது. வீடு மாறி ஒரு வருடம் இருக்கும். "பாதிக் குளியல்ல பச்சைத் தண்ணி வருது கண்ணு" என்றார். நான் தொட்டுப் பார்க்கும்போது சூடாகத்தான் வந்தது. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, எந்தச் சூடும் அவருக்குப் போதாது என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து எனக்கே அது நடந்தபோதுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

அவர் வந்தார், ஹீட்டரைத் தட்டிப் பார்த்தார், "எலிமென்ட் போயிருச்சுங்க, மாத்திரலாம்" என்றார். மாற்றினார். காசு வாங்கிக்கொண்டு போனார். பழைய எலிமென்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், நல்லவேளை. வேலை செய்யாத பொருளைத் தூக்கிப் போட மனசு வராத புத்தி ஒரு தடவையாவது உதவியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 26 ஓம்ஸுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் எலிமென்ட் சரியாக அவ்வளவுதான் காட்ட வேண்டும். அறுந்து போயிருந்தால் முள் அசையவே அசையாது. ஆக எலிமென்டுக்கு ஒரு நோயும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அதற்கு மெக்கானிக் தேவைகூட இல்லை: எலிமென்ட் போய்விட்டால் தண்ணீர் சூடே ஆகாது. பாதி வரைக்கும் சூடாக வந்து பிறகு நிற்காது.

இரண்டே மாதத்தில் அதே கதை மறுபடி. இந்தத் தடவை நானே இறங்கினேன். மெயினில் ஹீட்டருக்குக் கரண்ட் போகும் சுவிட்சை (எம்சிபி) இறக்கிவிட்டு, பிளக்கையும் பிடுங்கி, உள்ளே போகும் வால்வை மூடி, தண்ணீரை வடித்தேன். கரண்டில் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி இழுத்ததும், கொஞ்சம் தண்ணீரோடு முட்டை ஓட்டை நொறுக்கிக் கொட்டியதுபோல வெள்ளைச் சில்லுகள் பக்கெட்டில் விழுந்தன. கையை விட்டு வழித்தேன். அடியில் சேறு மாதிரி இன்னும் இருந்தது. மொத்தம் ஒரு சின்ன சொம்பு நிறைய வந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் எலிமென்டை மாற்றிய மனிதர் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மூடியைத் திறக்காமல் எலிமென்டை மாற்ற வழியே இல்லை. பார்த்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடு பட்டதும் சுண்ணாம்புக் கல்லாக மாறிப் படிகிறது. சூடு ஏற ஏறப் படிவதும் ஏறும். ஆனால் அது செய்யும் கெடுதல் என்ன என்பதில் எல்லோரும் சொல்வது ஒன்று, நான் பார்த்தது வேறொன்று. "உப்புப் படிஞ்சா கரண்ட் நிறைய இழுக்கும்" என்பார்கள். எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அது கக்கும் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும், கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். சூடு வெளியேற வழியில்லாமல் எலிமென்ட் தன்னைத்தானே வறுத்துக்கொண்டு சீக்கிரம் செத்துப்போகும் என்பது உண்மை. எங்கள் வீட்டில் வினையானது தெர்மோஸ்டாட். அதன் கம்பி நுழையும் குழல் எலிமென்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உப்பு கட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டதால், எலிமென்டின் சூடு நேராகத் தெர்மோஸ்டாட்டுக்குப் போயிருக்கிறது. தண்ணீர் முழுக்கச் சூடாகும் முன்பே 'போதும்' என்று அது கரண்டை வெட்டிவிட்டது. வெளியே லைட் அணைந்ததைப் பார்த்து நாங்கள் குளிக்கப் போனோம். மேலே இருந்த கொஞ்சம் சுடுதண்ணீர் தீர்ந்ததும் பச்சைத் தண்ணீர் வந்தது. அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

இப்போது இன்னொன்றும் விளங்கியது. ஹீட்டர் ஓடும்போது உள்ளே கொர்கொர் என்று அரிசி கொதிப்பதுபோல ஒரு சத்தம் கொஞ்ச நாளாக வந்துகொண்டிருந்தது. உப்பு கட்டியதற்கு அதுதான் முதல் அடையாளம். உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் சூடு குறையும்வரை காத்திருக்க வேண்டாம்.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 100 கிராமை வெந்நீரில் கரைத்து எலிமென்டை அதில் ஊற வைத்தேன். சோடா மாதிரிப் பொங்கியது. இரண்டு மணி நேரத்தில் செம்பு நிறம் தெரிந்தது. உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், எலிமென்டின் உலோக உறையில் ஒரு விரிசல் விழுந்தால் தண்ணீரில் கரண்ட் இறங்கும். கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் இந்த விஷயத்தில் விளையாடவே கூடாது. மக்னீசியம் ராடைப் பார்த்தேன், நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம். தொட்டியைத் துரு தின்னாமல் இருக்கத் தன்னைக் கொடுக்கும் தண்டு அது. தீர்ந்துபோனால் அடுத்து தொட்டிதான். புதிது வாங்கிப் போட்டேன். மாட்டி முடித்ததும் சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் தாராளமாக வரும்வரை திறந்து வைத்து, அதற்கு அப்புறமே சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் புது எலிமென்டும் ஐந்து நிமிடத்தில் கருகிவிடும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆறு மாதம் நிம்மதியாக இருந்தோம்.

போன வருடம் ஐப்பசியில் மறுபடி அம்மா. "சூடு வரல." உடனே மூடியைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. மூடிவிட்டேன். மூன்று நாள் சூடாக வந்தது, நாலாம் நாள் இல்லை. சாயங்காலங்களில் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும், அதுவோ என்று பார்த்தேன். 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 1200 வாட்தான் எடுக்கும். 25 டிகிரித் தண்ணீர் 60 டிகிரி ஆக 18 நிமிடம் போதும் என்பது அரை மணி நேரமாகிவிடும். ஆனால் அம்மா குளிப்பது காலை ஏழு மணிக்கு, அப்போது 225-க்குக் குறையாமல் இருந்தது. ஆக அதுவும் இல்லை.

கடைசியில் வழி காட்டியது அம்மாவின் வார்த்தைதான். நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் ஒரு மாதம் முன்பே பிடித்திருக்கலாம். "முன்னைப்போல பாதியில போறதில்ல கண்ணு. தொறக்கும்போதே வெதுவெதுன்னுதான் வருது. கடைசி வரைக்கும் அப்படியே வருது" என்றார். முதல் தடவை சூடு தீர்ந்துபோனது. இந்தத் தடவை சூடு தீரவில்லை, வழியில் எங்கேயோ பச்சைத் தண்ணீர் கலக்கிறது. இரண்டுக்கும் நாங்கள் வைத்த பெயர் 'சூடு வரல'. ஒரே பெயர் இருந்ததால் ஒரே நோய் என்று நினைத்து நான் ஹீட்டரையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். ஹீட்டரை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை பாத்ரூமுக்குங்க லைன் போகுது?" என்று கேட்டார். இரண்டு என்றேன். ஹீட்டர் சுவிட்சை அணைக்கச் சொன்னார். ஹீட்டருக்குள் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை முழுக்க மூடினார். பிறகு அம்மா குளிக்கும் குழாயின் சுடுதண்ணீர்ப் பக்கத்தைத் திறந்தார். உள்ளே போகும் வழியை அடைத்தாயிற்று, அதனால் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றிருக்க வேண்டும். சுண்டுவிரல் கனத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

"பக்கத்துப் பாத்ரூமைக் காட்டுங்க" என்றார். அங்கே பையன் தன் காசில் வாங்கி மாட்டிய கை ஷவர். பிடியிலேயே பட்டன் வைத்தது, அமுக்கினால் நிற்கும். குளித்து முடித்ததும் அவன் பட்டனை மட்டும் அமுக்கி மாட்டிவிட்டுப் போகிறான். மிக்சரில் சூடு, பச்சை இரண்டு திருகும் பாதி திறந்தபடியே இருக்கும். மறுநாள் அதே பதத்தில் வரட்டும் என்பது அவன் கணக்கு. வாய் மட்டும் மூடி, உள்ளே இரண்டு குழாயும் ஒன்றுக்கொன்று திறந்து கிடக்கின்றன. இந்தப் பக்கம் அம்மா சுடுதண்ணீரைத் திறந்ததும், ஹீட்டர் வழியாகக் கொஞ்சமும், பையனின் மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணீர் கொஞ்சமும் சேர்ந்து வந்திருக்கிறது. அவன் திருகை மூடிய நாளில் சூடு, மூடாத நாளில் வெதுவெது. அவன் ஹாஸ்டலில் இருந்த வாரங்களில் எந்தப் புகாரும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிளம்பர் இரண்டு திருகையும் மூடினார். இந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. வந்து போன நேரம் பதினைந்து நிமிடம். பையனின் பக்கம் இரண்டு லைனிலும் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டால் யார் மறந்தாலும் கலக்காது என்றார். போட்டுவிட்டோம்.

ஆறு வருடப் பழக்கத்தில் இந்த ஹீட்டரைப் பற்றி என்ன சொல்வேன்? மிஷின் நல்ல மிஷின். நாலு பேருக்கு 15 லிட்டர் போதும், ஆனால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கால் மணி நேரம் விட வேண்டும். 60 டிகிரித் தண்ணீரோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் கணக்குப்படி 30 லிட்டர் வரை குளிக்கிற சூட்டில் கிடைக்கும். பக்கெட்டில் குளித்தால் தாராளம், ஷவரில் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றால் போதாது. ஒரு தடவை தொட்டி முழுக்கச் சூடாக ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகிறது. கடையில் நட்சத்திரங்களைக் காட்டி விற்பார்கள். அந்த நட்சத்திரம் சூடான தண்ணீர் எவ்வளவு நேரம் ஆறாமல் நிற்கும் என்பதற்குத்தான், சீக்கிரம் சூடாகும் என்பதற்கு இல்லை. எங்களைப்போல் குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கிறவர்களுக்கு அதில் பெரிய லாபம் கிடையாது. அடுத்தது வாங்கினால், உப்புத் தண்ணீருக்கென்று எலிமென்டுக்குக் கண்ணாடிப் பூச்சு கொடுத்த மாடலாகப் பார்ப்பேன். மக்னீசியம் ராடு தனியாகக் கடையில் கிடைக்கிறதா என்றும் முதலிலேயே கேட்டுவிடுவேன்.

இப்போது தெர்மோஸ்டாட்டை 55-க்கு மேல் வைப்பதில்லை, உப்பு படிவது குறைந்திருக்கிறது. வருடம் ஒரு தடவை, தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது மூடியைத் திறக்கிறேன். ராடு பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுகிறேன்.

போன வாரம் பாத்ரூமுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கண்ணு, இன்னைக்குப் பாதியில போற மாதிரி. வெதுவெது இல்ல." போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் பையன் குளித்திருக்கிறான், அவனுக்குப் பின்னால் நான், உடனே அம்மா. பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன்.