செம்பனைக் காடா, கடைவீதி ஓரமா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊரில், இத்தனை புதிய வீடுகள் கட்ட வேண்டும் என்ற இலக்கை எட்ட இரண்டு வழிகள் உள்ளன. செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக் காட்டை அழித்துத் தாமான் எனும் புதுக் குடியிருப்பை எழுப்பினால் நிலம் மலிவு, தரைவீடும் கிடைக்கும். ஆனால் வடிகால், பேருந்து, தமிழ்ப்பள்ளி எல்லாம் பின்னால்தான் வரும் என்பதால், மோட்டார் சைக்கிள் ஓட்டாத முதியவருக்குச் சந்தைக்குப் போவதே பெரும்பாடாகிவிடும். கடைவீதியை ஒட்டிய காலி மனைகளிலோ அடுக்குமாடியே சாத்தியம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டு வாசலில் முருங்கை வளர்த்தவர்களுக்கு அது கசக்கும். ஆயினும் எனக்கு அதுவே ஏற்புடையது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டபின் ஊராட்சி மன்றத்தில் நியமன உறுப்பினர்களே இருக்கின்றனர். எனினும், 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப்பார்வைக்கு வைக்கப்படும்போது, வீடுகளின் எண்ணிக்கையோடு அவை அமையும் இடத்தையும் கேள்வி கேட்டு எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தரலாம்.