பி.ஏ.எஸ்.எல்.பி. முடிச்சாச்சு, அடுத்து ஆடியோவா ஸ்பீச்சா?

பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது கேட்டல், பேச்சுக் கோளாறுகளுக்கான இளநிலைப் படிப்பு. அதன் இன்டர்ன்ஷிப் முடிகிற நேரத்தில் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எம்.எஸ்சி.க்கு ஆடியோ எடுக்கட்டுமா, ஸ்பீச் எடுக்கட்டுமா?" ஆடியோ என்றால் ஆடியாலஜி, காது கேட்பதைச் சோதிக்கும் துறை; ஸ்பீச் என்றால் பேச்சு, மொழிச் சிகிச்சை. அந்தக் கேள்வியின் பின்னாலேயே இன்னொன்றும் வரும், இங்கேயே படிக்கலாமா இல்லை வெளிநாடு போகலாமா என்று. இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு என்ன முடிவு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவதன் கணக்கே மாறிவிடும், அதனால் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஸ்பீச் எடுத்தவள், அந்தப் பக்கம் எனக்குப் பாசம் அதிகம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஒன்றை எடுத்தால் இன்னொன்றின் கதவு மூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நான்கு வருட இளநிலைப் படிப்பு இரண்டையும் சேர்த்தது, அதற்குக் கிடைக்கும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவும் இரண்டுக்கும் சேர்த்தே கிடைக்கிறது. மைசூர் ஐஷில் (அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம்) 1966இல் முதுநிலைப் படிப்பு ஆரம்பித்தபோதுகூட 'ஸ்பீச் அண்ட் ஹியரிங்' என்று ஒரே எம்.எஸ்சி.தான். அப்புறம் எம்.ஏ.எஸ்.எல்.பி. என்ற பெயரிலும் பல வருடம் ஒன்றாகவே ஓடியது, பிரிந்தது அதற்குப் பிறகுதான். அதனால் நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது எதில் ஆழமாகப் போகிறீர்கள் என்பதை மட்டும்.

சரி, அன்றாட வேலை. ஆடியாலஜியில் ஒரு காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். ஒலி புகாத பூத்துக்குள் ஒரு பெரியவர், நீங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் தொடங்கி, கேட்டால் பத்து டெசிபெல் இறக்கி, கேட்காவிட்டால் ஐந்து ஏற்றி, அவர் விரல் தூக்குவதற்காகக் காத்திருக்கிறீர்கள். அடுத்து மூன்று மாதக் குழந்தைக்கு பெரா, அதாவது ஒலிக்குக் கேட்கும் நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை. குழந்தை தூங்க வேண்டும், பாதித் திறமை அதில்தான் இருக்கிறது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டி, ஒலியின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, ஐந்தாவது அலை எங்கே காணாமல் போகிறது என்று திரையைப் பார்க்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் பதில் கையில் இருக்கும். அந்தப் பதிலை அம்மாவிடம் சொல்வதுதான் கடினம், எந்த பாடத்திட்டமும் அதற்குப் போதுமான நேரம் ஒதுக்குவதில்லை.

ஸ்பீச்சில் பதில் ஒரு மணி நேரத்தில் வராது. பக்கவாதத்துக்குப் பிறகு என்னிடம் வந்த ஒருவர், மளிகைக் கடை வைத்திருந்தவர். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், வார்த்தை மட்டும் வராது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் "அது... அது..." என்று திணறுவார். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னால் தடையே இல்லாமல் எண்ணுவார். ஒருநாள் அதே கேள்வியைக் கேட்டபோது அவராகவே விரலை நீட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி மூன்றில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பழக்கத்தில் ஓடும் பேச்சு பிழைத்து, யோசித்துச் சொல்ல வேண்டிய பேச்சு அடிபட்டுப்போவதைப் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்திருந்தேன். அந்த மூன்றுக்கு இரண்டு மாதம் ஆனது. இப்படி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே மனிதரோடு உட்கார உங்களால் முடியுமா என்பதுதான் முதல் சோதனை. முடியாது என்றால் அது குறை இல்லை, ஆடியாலஜி உங்களுக்கானதாக இருக்கலாம்.

அடுத்தது மொழி. இதை யாரும் பேசுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியம். ஆடியாலஜியில் தூய தொனி (ஒரே அதிர்வெண் கொண்ட சோதனை ஒலி) எந்த ஊரிலும் தூய தொனிதான், பெரா அலைக்கு மொழி கிடையாது. சொற்களை வைத்துக் கேட்கும் திறனை அளக்கும்போது மட்டும் மொழி உள்ளே வருகிறது. ஆங்கிலத்தில் 'பேஸ்பால்', 'ஹாட்டாக்' மாதிரி இரண்டு அசையிலும் சமமான அழுத்தம் விழும் சொற்களை வைத்து அளப்பார்கள், தமிழில் அழுத்தம் அப்படி இயங்குவதே இல்லை, அதனால் நமக்கு ஈரசைச் சொல் பட்டியல் தனியாக வேண்டும். ஆனால் ஸ்பீச்சில் மொழிதான் வேலையே. நான்கு வயதுக் குழந்தை 'பழம்' என்பதை 'பளம்' என்று சொன்னால் அது கோளாறா, வயதா, வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்களா? வீட்டில் "வந்துட்டாங்க", புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்", எதை வைத்து வாக்கியத்தை மதிப்பிடுவது? ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. மதுரைக் குழந்தையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு வளர்ந்தவர்தான் சொல்ல முடியும். தமிழில் இந்த வேலை இன்னும் மலைபோல் கிடக்கிறது. முதுநிலை ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வாருங்கள்.

இங்கே எங்கே படிப்பது? மைசூர் ஐஷுக்கு நாடு முழுக்கப் போட்டி, நுழைவுத் தேர்வு உண்டு, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருப்பதால் கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நூலகமும் ஆய்வுச் சூழலும் அங்கே இருக்கிற மாதிரி வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் கிளினிக்கில் வருகிறவர்கள் பெரும்பாலும் கன்னடம் பேசுவார்கள். ஸ்பீச் எடுக்கிற தமிழ்ப் பிள்ளைகள் கன்னடம் கற்றுக்கொள்ளத் தயாராகப் போக வேண்டும், ஆடியோ எடுப்பவர்களுக்கு அந்தச் சிரமம் பாதிதான். சென்னையில் போரூர் ராமச்சந்திரா மாதிரி பெரிய மருத்துவமனையோடு சேர்ந்த இடங்களில் கட்டணம் கூடும், ஆனால் வார்டு கேஸ், விழுங்கும் கோளாறு, தீவிரச் சிகிச்சைப் பிரிவு எல்லாம் தமிழிலேயே பார்க்கலாம். மும்பை அலி யாவர் ஜங் நிறுவனமும் திருவனந்தபுரம் நிஷ் நிறுவனமும் நல்ல இடங்கள், மொழிக் கணக்கு அங்கேயும் இதேதான்.

வெளிநாட்டுக் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் கணக்கு தலைகீழ். ஸ்பீச்சுக்கு இரண்டு வருட மாஸ்டர்ஸ் போதும். ஆடியாலஜிக்கு ஏயூ.டி. என்ற முனைவர் நிலைப் பட்டம், வழக்கமாக நான்கு வருடம், கடைசி வருடம் முழுக்கக் கல்லூரிக்கு வெளியே கிளினிக்கில் பயிற்சி. 2012 முதல் ஆடியாலஜியில் ஆஷா (அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம்) சான்றிதழ் வாங்க முனைவர் நிலைப் பட்டம் கட்டாயம். ஆக, மொழித் தடை குறைவான துறைக்குச் செலவும் வருடமும் இரட்டிப்பு, மொழித் தடை அதிகமான துறைக்குப் பாதி.

ஸ்பீச்சில் சுலபமாக உள்ளே போய்விடலாம் என்று அர்த்தம் இல்லை. ஆஷா சான்றிதழுக்கு 400 மணி நேரக் கிளினிக்கல் பயிற்சி வேண்டும், அதில் குறைந்தது 325 மணி நேரம் முதுநிலை படிக்கும்போது செய்ததாக இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் நாள் முழுக்க ஓடி ஓடி நாம் சேர்த்த மணிநேரங்கள் அங்கே பெரிதாக உதவாது. அப்புறம் பிராக்ஸிஸ் என்ற தேசிய அளவிலான தேர்வு, அதன்மேல் குறைந்தது 36 வாரம், 1260 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்யும் ஃபெல்லோஷிப், மாநில உரிமம் தனி. அமெரிக்கக் குழந்தைக்கு ஆங்கில 'ஆர்' ஒலியைத் திருத்த வேண்டியவர் நீங்கள், உங்கள் காதும் நாக்கும் அதற்குப் பழகியாக வேண்டும். நம் ஆட்கள் பலர் நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் முதல் வருடம் அழுததாகச் சொல்லாதவர்கள் குறைவு.

ஆஸ்திரேலியாவில் இரண்டுமே இரண்டு வருட மாஸ்டர்ஸ். ஆடியாலஜிக்கு அதன் பிறகு ஒரு வருடக் கிளினிக்கல் இன்டர்ன்ஷிப். ஆடியோ எடுத்துவிட்டு வெளிநாடு போகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவைவிட இதைத்தான் சொல்வேன்.

என் கருத்தைக் கேட்டால், ஸ்பீச் எடுப்பவர்கள் எம்.எஸ்சி.யைத் தமிழ் கேட்கிற கிளினிக்கில் முடிப்பது நல்லது. ஆடியோ எடுத்து வெளிநாட்டிலேயே தங்குகிற எண்ணம் உறுதியாக இருந்தால், இங்கே எம்.எஸ்சி. படித்து இரண்டு வருடம் கூட்டிக்கொள்ளாமல் நேராகப் போவது மேல். திரும்பி வருகிற எண்ணம் இருந்தால், ஏயூ.டி.க்கு வாங்கிய கடனை இந்தியச் சம்பளத்தில் அடைக்க முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியாலஜியில் சொந்தமாகத் தொடங்க ஒலி புகாத அறை, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டர், நடுக்காதைச் சோதிக்கும் டிம்பனோமீட்டர் என்று முதலீடு வேண்டும். இல்லாவிட்டால் காது கேட்கும் கருவி விற்கும் கடைகளில் மாத இலக்கோடு உட்கார வேண்டி வரும், அது சிலருக்கு ஒத்துவராது. காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையில் உட்காதில் பொருத்தும் கருவி) பக்கம் போனால் வேலை நிறைவாக இருக்கும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை நடப்பதால் ஊர்ப்புறக் குழந்தைகளும் வருகிறார்கள். ஸ்பீச்சுக்கு ஒரு அறை, பாய், நாலு பொம்மை, ஒரு கண்ணாடி இருந்தால் ஆரம்பித்துவிடலாம். ஆனால் ஆட்டிசம் மையங்கள் பலவற்றில் நாளைக்கு எட்டுக் குழந்தைகள், அரை அரை மணி நேரம் என்று பிழிந்தெடுப்பார்கள். சேரும்போதே எத்தனை செஷன் என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதீர்கள். ஆர்.சி.ஐ. அனுமதி கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனியாக, குறிப்பிட்ட வருடங்களுக்கு, குறிப்பிட்ட இடங்களுக்குத்தான் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பணம் கட்டிச் சேர்ந்த பிறகுதான் அந்த வருடத்துக்கு அனுமதி புதுப்பிக்கப்படவில்லை என்று தெரிந்தது, பதிவு எண்ணுக்காக அலைந்ததில் ஒரு வருடம் போனது. பணம் கட்டுவதற்கு முந்தின நாள் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்த வருடம் மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.