மெயின் சுவிட்சை அணைத்த பின்னும் ஓடிய மீட்டர்

வாடகை வீட்டின் மின்கட்டணம் காரணமில்லாமல் ஏறினால், குடியிருப்பவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் மீட்டரைச் சோதித்துவிடுங்கள். அந்தப் பொறுமை எனக்கு இருக்கவில்லை. குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது, இவ்வளவு யூனிட் எப்படி ஓடும் என்று கடுமையாகப் பேசி, அவர்களுடைய முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் வீடு ஒரு மாதம் பூட்டியே கிடந்தது. உள்ளே ஒரு விளக்குகூட எரியாத அந்த மாதத்தில் 90 யூனிட் ஏறியிருந்தது. மீட்டர் பழுதென்று எண்ணி எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மீட்டரிலிருந்த சிறிய சிவப்பு விளக்கைப் பார்க்கச் சொன்னார். அது சிமிட்டிக்கொண்டே இருந்தது. அந்த விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருந்தது. நாங்கள் எண்ணியபோது நிமிடத்துக்கு 80 முறை சிமிட்டியது. அதாவது, பூட்டிய வீட்டின் கணக்கில் யாரோ 1500 வாட் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெந்நீர் ஹீட்டர் ஒன்றை நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் மாதக் கணக்கு சரியாக 90 யூனிட்டில் வந்து நிற்கும்.

மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் இடையிலுள்ள வயரின் உறையைச் சீவி, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு ஓர் இணைப்பை இழுத்திருந்தார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் சுற்றியிருந்த டேப் சூட்டில் இளகிக் கருகியிருந்தது. ஆளில்லாத வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சாவியைக் கொடுத்து வைத்திருந்ததும் அதே வீட்டாரிடம்தான்!

ஆத்திரத்தில் அந்த வயரை நானே அறுக்கப் போனேன், எலக்ட்ரீஷியன் தடுத்துவிட்டார். மெயின் சுவிட்சுக்கு முன்பே எடுத்த இணைப்பு என்பதால், சுவிட்சை அணைத்திருந்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். எனவே எதையும் தொடாமல், சிமிட்டும் விளக்கையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டு, மின்வாரியத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். அவர்கள் வந்து இணைப்பைத் துண்டித்தபோது, பழைய குடித்தனக்காரர்தான் அனுமதித்தார் என்று பக்கத்து வீட்டார் சாதித்தார்கள். ஏற்கெனவே கட்டிய பணத்தில் ஒரு காசுகூட எனக்குத் திரும்ப வரவில்லை.

தண்ணீரையும் இதேபோலச் சோதிக்கலாம். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டரின் சிறு சக்கரம் சுற்றினால் எங்கோ போகிறது என்று பொருள். ஆனால் உடனே திருட்டு என்று கத்திவிட வேண்டாம். என் வீட்டில் அது கழிப்பறைத் தொட்டியின் கசிவாகத்தான் இருந்தது.

இப்போது மீட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். குடிவரும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் ரீடிங்கைப் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திடுகிறோம். பிடித்த பணத்தைப் பழைய குடித்தனக்காரருக்குத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். “அன்றைக்கே மீட்டரைப் பாருங்கள் என்று சொன்னேனே சார்” என்றார் அவர்.