சென்னை – யாழ்ப்பாணம் விமானம்: 355 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். சென்னை – கொழும்பு ஏறக்குறைய 645. தூரம் பாதிக்குக் கொஞ்சம் கூட, ஆனால் இரண்டுக்கும் பயண நேரம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். இணையத்தில் தூரம் கணக்கிடும் பக்கங்கள் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று எடுத்துக்கொண்டு 'அரை மணியில் போய்விடலாம்' என்கின்றன. அதை நம்பாதீர்கள்.

இந்தத் தடத்தில் ஓடுவது ஏ.டி.ஆர். 72, சுழலி (புரொப்பெல்லர்) வைத்த சிறிய விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான். 355 கிலோமீட்டருக்கு 43 நிமிடம் ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையும், சென்னை ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும், ஓடுபாதைக்கு ஏற்பச் சுற்றியும் வர வேண்டும். எல்லாம் சேர்ந்துதான் அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. தடம் ஏறக்குறைய நேர் தெற்கு. காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் அடிப்பதால் போவதற்கும் வருவதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

உண்மையான லாபம் தரையில் இருக்கிறது. கொழும்பில் இறங்கினால் யாழ்ப்பாணத்துக்கு இன்னும் ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டும். பலாலியிலிருந்து யாழ் நகரம் சுமார் 16 கிலோமீட்டர், அரை மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போனாலும், அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து யாழ் நகரம் வரை ஐந்தரை மணி நேரம்தான். கொழும்பு வழியென்றால் பன்னிரண்டுக்குக் குறையாது. யாழ்ப்பாணத்துக்கே போகிறவர்கள் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பலாலியைத்தான் எடுக்க வேண்டும்.

இருக்கை கேட்கும்போது பின் வரிசையைக் கேளுங்கள். ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு வாலுக்கு அருகில் இருக்கிறது; முன்பக்கம் சரக்கு அறை. பின்னால் இருப்பவர்கள் முதலில் இறங்கிக் குடிவரவு வரிசையில் முன்னால் நிற்பார்கள். சுழலிக்கு நேரே உள்ள வரிசைகளைவிடப் பின்னால் இரைச்சலும் அதிர்வும் குறைவு. போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்வை மறைக்காது. கடற்கரை வெகுதூரம் கூடவே வரும். கோடியக்கரையிலிருந்து பலாலிக்குச் சுமார் 60 கிலோமீட்டர்தான். கடல் முடிந்ததும் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் பகுதியின் செம்மண்ணும் பனைகளும் தெரியும். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்காகவே ஜன்னல் கேட்கலாம்.

தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டி பெரும்பாலும் நுழையாது. விமானத்தின் அடியிலேயே வாங்கிச் சரக்கில் போட்டுவிடுவார்கள். கொடுக்குமுன் பவர் பேங்க், பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி எல்லாவற்றையும் சின்னப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் போன்ற தனி லித்தியம் பேட்டரி சரக்கில் போகக் கூடாது.

குறை இரண்டு. இந்த விமானம் 25,000 அடிக்கு மேல் ஏறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உயரமான மேகத்தைத் தாண்டிப் பறக்க முடியாமல் சுற்றிப் போகும், குலுங்கும், சில நாள் ரத்தாகும். மற்றது, சேவைகள் குறைவு. ஒன்று ரத்தானால் அதே நாளில் மாற்று கிடைப்பது கஷ்டம். அதனால் அந்த மாதங்களில் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். திரும்பி வந்து எழும்பூரில் ரயில் பிடிப்பதாக இருந்தால், தரையிறங்கும் நேரத்திலிருந்து நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.